கிளெனுக்கு மூன்று கரண்டி

பாய்லர் செத்துப்போனால் கிளென் வருவான். அதனால்தான் அதைச் சாகவிடாமல் நாலு குளிர்காலம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு முழுவதற்கும் சூடும் சுடுதண்ணீரும் தருவது அதுதான். சமையலறைச் சுவரில், என் மனைவி ஹேஸல் தட்டு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் அது தொங்கியது. வெளியே காற்று பலமாக அடித்தால் உள்ளே எரியும் சின்னச் சுடர் அணைந்துவிடும். கீழே உள்ள குமிழை அழுத்திப் பிடித்து, பொத்தானைத் தட்டி, மனசுக்குள் எண்ணிக்கொண்டே மெல்ல விட வேண்டும். விடும்போது பக்கவாட்டில் ஒரு தட்டு. அந்தத் தட்டு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். "உன் ரெண்டாவது பொண்டாட்டி மறுபடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, போய்ச் சமாதானம் பண்ணு" என்பாள் ஹேஸல். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் சின்ன ஊரான பேக்கப்பில் முன்பு பாய்லர் பார்க்கும் கேஸ் என்ஜினியர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டான். ஒருவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மூன்றாமவன் குடித்துக் கெட்டான். மிச்சம் கிளென். என்ஜினியராம்! பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். கணக்கில் என்னைவிட மோசம். ஆனால் அவனுக்கு இன்றைக்கும் தலை நிறைய முடி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

விஷயம் முடி அல்ல. எனக்கு முன்னால் ஹேஸலுக்கு நிச்சயமானது கிளெனோடு. மோதிரம் மாட்டி, தேவாலயத்தில் தேதி வாங்கி, கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது. பிறகு ஒரு நாள் அவள் மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஹேஸல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அவன் வேறொருத்தியைக் கட்டி, விவாகரத்தாகி, இப்போது தனியாக இருக்கிறான். நானோ முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரான பர்ன்லிக்கு பஸ் ஓட்டுகிறேன். அவன் இல்லை என்றானபின், கிடைத்தது போதும் என்று என்னைக் கட்டிக்கொண்டாளா?

டிசம்பர் தொடக்கத்தில், உறைபனி விழுந்த ஒரு காலையில் பாய்லர் போய்ச்சேர்ந்தது. அழுத்தினேன், எண்ணினேன், தட்டினேன், கெஞ்சினேன். அடியிலிருந்து துருத்தண்ணீர் சொட்டியதுதான் மிச்சம். நிமிர்ந்து பார்த்தால் ஹேஸல் காதில் போனை வைத்திருக்கிறாள்.

"யாருக்குப் போன் பண்ற?"

"கிளெனுக்கு."

"பர்ன்லில கம்பெனி இருக்கே."

"இருக்கு. முதல்ல அவங்களத்தான் கேட்டேன். புது வருஷம் கழிச்சுப் பாக்கலாம்ங்கறாங்க. அதுவரைக்கும் கெட்டில்ல தண்ணி காய வச்சு உனக்கு முதுகு தேச்சு விடவா?"

"அவன் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"மீன் வறுவல் கடைக் கண்ணாடில ஊருக்கே தெரியற மாதிரி ஒட்டியிருக்கு, நெவில். வாரா வாரம் அங்க வரிசைல நிக்கறது நீதான், நானில்ல."

அவன் வருவதாகச் சொன்ன நாளுக்கு லீவு போட்டேன். கூரை பிரித்தபோதும், தரைக்குக் கம்பளம் மாற்றியபோதும், ஜன்னல் போட்டபோதும் நான் லீவு போட்டவனில்லை. வீட்டுக்கு வருகிற வேலையாட்களை ஹேஸலே பார்த்துக்கொள்வாள். இந்தத் தடவை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட மனம் வரவில்லை.

காலையில் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்தபோது பக்கத்து வீட்டு ஐரிஸ் தன் வாசலில் காத்திருந்தாள். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"என்ன கண்ணு, இன்னைக்கு பஸ்ஸுக்குப் போகல?"

"லீவு."

"கிளென் வர்றானாமே. எனக்கு வேலை இருந்தா நானும்தான் லீவு போட்டிருப்பேன்."

"ஐரிஸ், உங்க வயசென்ன?"

"பாக்கறதுக்கு வயசு எதுக்கு? உனக்கு எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது? பாய்லர்தானே மாத்தறாங்க, புருஷனையா மாத்தறாங்க?"

சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே இருமி இருமிச் சிரித்தாள். நான் தொட்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

கிளென் எட்டு மணிக்கு வந்தான். பூட்ஸுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டான், தரையில் துணி விரித்தான்.

"ஹேஸல்" என்றான்.

"கிளென்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையையும் நான் மனசில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வேலைக்கு வந்தவன் டீ குடிக்காமல் கருவிப்பெட்டியைத் திறக்க மாட்டான். ஹேஸல் கெட்டிலைத் தட்டினாள். பிறகு ஒரு மக்கை எடுத்தாள். என் மக். பஸ் டிப்போவில் இருபத்தைந்து வருடம் முடித்ததற்குக் கொடுத்தது, என் பேர் போட்டது. அதில் கறுப்பாக டீயை இறக்கினாள், பால் ஊற்றினாள். அப்புறம் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், சர்க்கரை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி.

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன, அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி எரிந்தது. எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அவள் மண்டையில் ஏறக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆயிற்று. இவனுக்கு மூன்று என்பது இத்தனை வருடம் கழித்தும் கையிலேயே இருக்கிறது.

கிளென் ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். மக்கைப் பார்த்தான், பிறகு பாத்திரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஹேஸலின் முதுகைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்தது. அடிமண்டி வரை குடித்து முடித்தான்.

அன்று முழுக்க நான் அவன் காலைச் சுற்றிய பூனையாக இருந்தேன். பழைய பாய்லரைக் கழற்றியபோது மறுபக்கம் பிடித்தது நான்தான். என் கை தட்டித் தட்டி ஒரு இடத்தில் பெயிண்ட் மங்கியிருந்தது. அந்த இடத்தில் கை வைத்துத்தான் அதை வாசல்வரை தூக்கிப்போனேன்.

"இதை எப்படிப்பா இத்தன நாள் ஓட்டுன? எனக்கு அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாம்ல" என்றான் கிளென்.

"தோணல" என்றேன்.

பத்தரைக்கு இரண்டாவது டீ. மறுபடி என் மக், மறுபடி மூன்று. பிறகு ஹேஸல் துணி மடிக்க மாடிக்குப் போய்விட்டாள். கிளென் வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

"பழசு வாசல்கிட்ட இருந்துச்சு. அங்கயே மாட்டவா?"

"மாட்டு."

"வேணாம்ப்பா. அவ உக்கார்ற நாற்காலிக்குப் பக்கத்துல வைக்கிறேன். ஹேஸலுக்குக் குளிர் தாங்காது."

சுத்தியலால் தலையில் ஒன்று போட்டிருந்தால்கூட இந்த அளவு வலித்திருக்காது. பழைய பெட்டியைப் பதினேழு டிகிரிக்கு மேல் நான் ஏற்றவிட்டதில்லை. அவளும் ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. காலையில் கண்விழித்தால் போர்வை முழுவதும் என் மேல்தான் கிடக்கும். அத்தனை காலமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைப் பொறுத்திருக்கிறாள், கட்டிய எனக்குத் தெரியவில்லை, கைவிடப்பட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் சுவரில் துளை போட்டான். நான் பக்கத்தில் நின்று தூசியை உறிஞ்சும் குழாயைப் பிடித்தேன்.

மதியம் தன் வேனில் போய் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தான். அந்த நேரம் பார்த்துக் குப்பை லாரி வந்து, தெருவில் நுழைய முடியாமல் ஹார்ன் அடித்தது. வேனை நகர்த்தச் சொல்ல நான் போனேன். கண்ணாடியைத் தட்டக் கை தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். அவன் விரல் நுனியைக் குத்தி, துளி ரத்தத்தை ஒரு சின்ன மெஷினில் வைத்துக்கொண்டிருந்தான். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

கண்ணாடி இறங்கியது.

"உனக்குச் சக்கரை வியாதியா?"

"பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப காலைலேர்ந்து ரெண்டு மக் குடிச்சியே! ஒவ்வொண்ணுலயும் மூணு!"

"தெரியும்ப்பா."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

கிளென் மெஷினை அதன் உறைக்குள் வைத்தான். அவசரமில்லாமல் ஜிப்பை இழுத்தான். பின்னால் லாரிக்காரன் விடாமல் அடித்தான்.

"எப்படிச் சொல்றது? அவ கேக்கவே இல்ல, நெவில். கேக்காமயே மூணு போட்டா. என்னைக் கட்டினவளுக்கே கடைசி வரைக்கும் ரெண்டா மூணான்னு சந்தேகம். இவ இன்னும் ஞாபகம் வச்சிருக்கா." எங்கள் வாசலைப் பார்த்தான். "அவகிட்டச் சொல்லிடாதே. இன்னைக்கு ஒரு நாள்தானே."

நான் சரி என்று தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஹேஸல் தட்டில் இரண்டு மக்கும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஐரிஸ் கூப்பிடுகிறாள் என்று வாசலுக்குப் போனாள். கிளென் என் மக்கை நோக்கிக் கை நீட்டினான். நான் அதைப் பிடுங்கினேன்.

"இது என் மக்" என்றேன்.

"அதுல இருக்கறது என் டீப்பா."

"மக் என்னுது. எல்லாம் என்னுது. நீ அந்தப் பூப்போட்டதக் குடி."

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்காக நான் பரிதாபப்பட்டேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. என் வீட்டில், என் பொண்டாட்டி கையால், அவளுக்காக இன்னொருவன் தன் உடம்பைக் கெடுத்துக்கொள்வதா? அப்படிக் கெடுத்துக்கொள்ளும் பாத்தியதை எனக்குத்தான் உண்டு. பல் கூசியது, தொண்டை ஒட்டியது. பாகு மாதிரி இருந்த அந்த டீயை நான் நின்றவாக்கில் குடித்து முடித்தேன். கிளென் எனக்கு வைத்த சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "நன்றிப்பா" என்றான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புது பாய்லர் வெள்ளையாக, மௌனமாக, ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி சுவரில் நின்றது. அழுத்தவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். கொல்லைப்பக்கம் அதன் குழாயிலிருந்து வெள்ளை ஆவி போனது.

"பத்து வருஷம் காரண்டி" என்றான் கிளென். "ஆனா வருஷா வருஷம் ஆள் வந்து பாத்தாகணும். ஒரு வருஷம் விட்டாலும் காரண்டி போயிடும்."

"வேற யாராவது வந்து பாத்தாலும் சரிதானே?"

"தாராளமா. ஊர்ல வேற யார் இருக்கா?"

அவன் வேன் தெருமுனை திரும்பியதும் நான் நேராக அந்தச் சின்னப் பெட்டியிடம் போய் இருபத்து மூன்றுக்கு ஏற்றினேன். இனிமேல் என் வீட்டில் ஹேஸலுக்குக் குளிர் என்ற பேச்சே இருக்கக் கூடாது. இத்தனை வருடப் பதினேழையும் ஒரே சாயங்காலத்தில் ஈடுகட்டிவிடும் வெறி எனக்கு.

சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹேஸலின் நெற்றியில் வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றினாள். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"யார் இதை இருபத்து மூணுல வச்சது? வீடா இது, ரொட்டி சுடற அடுப்பா?"

"உனக்குக் குளிருமேன்னுதான்..."

"எனக்கா? யார் சொன்னா?"

"கிளென்."

அவள் ஜன்னல் பக்கத்திலிருந்தே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கிளெனுக்கு என்ன தெரியும்? அவன் பாத்தப்ப எனக்கு எலும்பும் தோலுமா இருபத்தஞ்சு வயசு. அம்பது தாண்டினதுலேர்ந்து நான் கொள்ளிக்கட்டை மாதிரி எரிஞ்சுக்கிட்டுக் கிடக்கேன். ராத்திரி போர்வையை யார் மேல தள்ளறேன்? கிளென் மேலயா? பக்கத்துல படுத்திருக்கறவன் நீ. என் உடம்பு எப்படி இருக்குன்னு நீ போய் அவன்கிட்டக் கேப்பியா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் நாள் முழுக்க அடைத்துக்கிடந்தது முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"அவனுக்கு மூணு சக்கரைன்னு உனக்கு மட்டும் ஞாபகம் இருக்கே!"

"என்ன மூணு?"

"டீல. கேக்காமயே போட்டியே. அதுவும் என் மக்குல."

ஹேஸல் ஜன்னலை விட்டு வந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"வேலைக்கு வர்ற எல்லாருக்கும் மூணுதான்டா போடுவேன்! கூரைக்காரனுக்கு மூணு, கம்பளக்காரனுக்கு மூணு. எங்கம்மா சொல்லிக் கொடுத்தது. உழைக்க வந்தவன்கிட்ட எவ்வளவு சக்கரைன்னு கேக்காதே, கேட்டா வெக்கப்பட்டு ஒண்ணுன்னுடுவான், பேசாம மூணு போட்டுடும்பா. நீதான் ஆள் வர்ற நாள்ல ஒரு நாளாவது வீட்ல இருந்திருக்கியா, பாக்கறதுக்கு? கிளென் எவ்வளவு போட்டுக்குவான்னு எனக்குச் சத்தியமா ஞாபகமில்ல. அப்பவே தெரியுமோ என்னவோ."

"அப்ப என் மக்?"

"காலைல மத்ததெல்லாம் கழுவாம கெடந்துச்சு. சுடுதண்ணிதான் இல்லையே, பாய்லர்க்காரா."

அந்தச் சிரிப்பின் வால் அடங்குவதற்குள், இனி ஒருபோதும் இவ்வளவு தைரியம் வராது என்று தெரிந்ததால், கேட்டுவிட்டேன். "அப்ப அவனை ஏன் வேணாம்னு சொன்ன?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது.

"அவனுக்கு வேணாம்னு சொல்ல வராது, நெவில். யார்கிட்டயும் வராது. ஒரு கிறிஸ்துமஸ்ல எங்கம்மாவும் கூப்பிட்டா, அவங்கம்மாவும் கூப்பிட்டா. ரெண்டு வீட்லயும் முழு விருந்து சாப்பிட்டுட்டு எங்க வீட்டு வாசப்படில வாந்தி எடுத்தான். அப்ப நினைச்சேன், இவன் என்னையும் எனக்காகத்தான் கட்டிக்கறானா, இல்ல வேணாம்னு சொல்ல முடியாமக் கட்டிக்கறானான்னு. தெரியல. தெரியாம எப்படிக் கூட வாழறது?"

"நான்?"

"உனக்கு எதைச் சொன்னாலும் முதல்ல வேணாம்தான். ஒரு பாய்லருக்கு நாலு வருஷம் வேணாம்ன ஆளு. எனக்கு மட்டும்தான் உடனே சரின்ன. அதுக்கு மேல என்ன வேணும்?" எழுந்து வந்து என் தட்டையும் எடுத்துக்கொண்டாள். "போய் அதைப் பதினேழுல வை."

வைத்தேன். அந்த ராத்திரி போர்வை என் மேல் வந்து விழுந்தபோது, மகாராஜா மாதிரி அதை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து, காரண்டிக்காகக் கிளென் வந்தான். பூட்ஸுக்கு நீல உறை, தலை நிறைய அதே முடி. நான் லீவு போட்டிருந்தேன். இந்தத் தடவை பயந்து அல்ல. என் வாயில் ஒரே ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: அவ எல்லாருக்கும் மூணுதான்ப்பா போடுவா. முப்பது வருடத்துக்கு மேல் என்னை வறுத்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வருடம் முழுக்க பஸ்ஸை ஓட்டிக்கொண்டே அதைச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

கெட்டில் கொதித்தது. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன், கிளென் பாய்லரின் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். மாடியிலிருந்து ஹேஸலின் குரல் வந்தது.

"நெவில்! அவனுக்கு மூணு, மறந்துடாதே!"

கிளெனின் கை மூடியிலேயே நின்றது. அந்த வெளிச்சம் மறுபடி அவன் முகத்தில் ஏறியது. அறுபது வயதுக்காரனின் முகம், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவனின் முகம்.

"பாத்தியா" என்றான் மெதுவாக. "இன்னும் மறக்கல."

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, வாக்கியத்தையும் அதோடு சேர்த்து மென்று விழுங்கினேன்.

"அவ எதையும் மறக்க மாட்டா" என்றேன். சர்க்கரை போடாத மக்கை அவன் பக்கம் நகர்த்தினேன். "நீ இதைக் குடி. மூணு போட்டேன்னே அவகிட்டச் சொல்லிக்கறேன்."

கிளென் அந்த வெறும் டீயைக் கையில் ஏந்தி, என் சுவரில் சாய்ந்துகொண்டு, சிரித்தபடி மெல்ல மெல்லக் குடித்தான். வயிறு எரிய நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெயித்தது நான்தான், அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாராவது எங்கள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அவனைத்தான் ஹேஸலின் புருஷன் என்று நினைத்திருப்பார்கள்.